மழைக்கு இளக்கிய கார்: சாண்டவுன் முதல் அல்பேட் பார்க் வரை



ஸ்பிரிங்வேலுக்கும் நோபிள் பார்க்குக்கும் இடையில் ரயிலில் போய் வருபவர்கள் சாண்டவுன் பார்க் நிலையத்தைத் தினமும் கடந்திருப்பீர்கள். அதன் அருகே இருக்கும் குதிரைப் பந்தயத் திடலைச் சுற்றி ஒரு தார்ச்சாலை ஓடுகிறது. அதுதான் சாண்டவுன் கார்ப் பந்தயத் தடம். நாங்கள் 1997இல் இந்த ஊருக்கு வந்து முதல் வாடகை வீடு எடுத்தபோது இப்படியொன்று பக்கத்தில் இருப்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு ஞாயிறு காலை வானம் கிழிவதுபோல ஒரு சத்தம். அம்மா கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, "தம்பி, பொம்பர் வருது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளுக்கு வா" என்றா. உள்ளுக்கு என்றால் எங்கே? பங்கர் வெட்டிய வளவு ஊரில் இருந்தது. இங்கே இருந்தது ஒரு ஹோலும் இரண்டு அறையும். அது பந்தயக் காரின் சத்தம் என்று நான் விளங்கப்படுத்திய பிறகும், பல மாதங்களுக்கு அம்மா பந்தய நாட்களில் யன்னல் பக்கம் போகமாட்டா.

ஊரில் நான் கார் மெக்கானிக். இங்கே வந்தும் ஒரு கராஜில் அதே வேலைதான். ஆகவே அம்மாவைப் பயமுறுத்திய அந்தச் சத்தம் எனக்கு மெல்ல மெல்ல ஒரு பள்ளிக்கூடமாக மாறியது. வேலியோரம் போய் நின்று பார்க்கத் தொடங்கினேன். மழை நாட்களில் அதே கார்கள் வேறு கார்கள்போல ஓடுவதைக் கண்டபோது, இதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கவேண்டும் என்று தோன்றியது. அந்த வரலாற்றில் நம்மவர் ஒருவருக்கும் ஓர் இடம் உண்டு. இம்மாத உரை அதைப் பற்றியது.

சாண்டவுன் தடம் திறக்கப்பட்டது 1962 மார்ச்சில். அன்றைய சர்வதேசப் பந்தயத்தை வென்றவர் அவுஸ்திரேலியரான ஜக் பிரபாம். தடத்தின் நீளம் 3.1 கிலோமீற்றர். இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள், அவற்றின் முடிவில் கடுமையாகப் பிறேக் பிடிக்கவேண்டிய வளைவுகள். இந்த அமைப்பு மழைக்கு மிகவும் பொல்லாதது. நேர்ப்பாதையில் சேர்த்த வேகம் முழுவதையும் ஈரத்தரையில் ஒரே இடத்தில் இறக்க வேண்டும். 1968 பெப்ரவரி 25ஆம் திகதி இங்கே நடந்த அவுஸ்திரேலிய கிராண்ட் பிறீயில் ஸ்கொட்லாந்துக்காரரான ஜிம் கிளார்க், நியூசிலாந்தின் கிறிஸ் ஏமனை ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வென்றார். நம் வீட்டுக்குப் பக்கத்தில் உலகச் சம்பியன் ஒருவர் அப்படி ஓடியிருக்கிறார் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். ஆறு வாரங்களில், ஏப்ரல் 7இல், ஜேர்மனியின் ஹொக்கன்ஹைமில் கார் தடத்தை விட்டு விலகி மரத்தில் மோதி அவர் இறந்தார். பின் ரயர் ஒன்றில் காற்று இறங்கியிருக்கலாம் என்பதே பெரும்பாலோர் கருத்து. ரயர் என்ற சொல்லை நேயர்கள் மனதில் வைத்திருங்கள். இந்த உரை முழுவதும் அதைத்தான் சுற்றி வரப்போகிறது.

அந்தக் காலம்வரை பந்தயக் கார்களின் ரயர்களிலும் நமது கார் ரயர்போலப் பூ வெட்டப்பட்டிருந்தது. மழை வந்தால் கூடுதலாக வெட்டிய ரயரைப் போடுவார்கள். காரின் மற்றப் பாகங்களை அதிகம் தொடமாட்டார்கள். மழை ஓட்டுநரின் பாடாக இருந்தது. 1926இல் பேர்லினில் மழையில் ஜேர்மன் கிராண்ட் பிறீயை வென்ற ருடோல்ப் கரச்சியோலாவுக்கு 'மழை வித்தகர்' என்றே பட்டம் வந்தது. 1968 ஓகஸ்டில் நூர்பேர்க்ரிங்கில் மழையும் மூடுபனியும் கலந்த ஒரு நாளில் ஜக்கி ஸ்ரூவேர்ட் நான்கு நிமிடங்களுக்கு மேல் முன்னால் வந்து வென்றார். மணிக்கட்டுக் காயத்தோடு ஓடினார் என்பது ஒரு புறம். அவரது டன்லப் மழை ரயர்கள் தண்ணீரை மற்றவர்களுடையதைவிட நன்றாக வெளியேற்றின என்பது மறு புறம். இரண்டாவது காரணத்தைப் பேசுபவர்கள் குறைவு. வீரத்தைப் பேச எல்லாருக்கும் பிடிக்கும், ரயரைப் பேச மெக்கானிக்குகளுக்கு மட்டும்தான் பிடிக்கும்.

1971இல் போர்மியூலா 1 பந்தயங்களுக்குப் பூ இல்லாத வழுவழுப்பான ரயர் வந்தது. காய்ந்த தரையில் இறப்பர் முழுவதும் பசைபோல ஒட்டும், ஈரத்தில் அது பனிச்சறுக்கு. அதோடு காய்ந்த நாளின் காரும் மழை நாளின் காரும் இரண்டாகப் பிரிந்தன. மழைக்குக் காரைத் தயார்செய்வது என்பது தனியொரு தொழிலாகியது.

அது எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன். காய்ந்த நாளில் பந்தயக் காரை விறைப்பாக வைப்பார்கள். ஸ்பிரிங் கடினம், சொக் அப்சோபர் கடினம், கார் வளைவில் சாயாமல் இருக்கப் போடும் குறுக்குத் தண்டும் கடினம். திருப்பியவுடன் கார் திரும்ப வேண்டும் என்பதற்காக இது. மழையில் இந்த விறைப்பே எதிரி. ரயருக்கும் தரைக்கும் இடையிலான பிடி குறைவாக இருக்கும்போது எந்த அசைவும் திடீரென்று வரக்கூடாது. ஆகவே எல்லாவற்றையும் இளக்குவார்கள். சில அணிகள் குறுக்குத் தண்டைக் கழற்றியே விடுவதுண்டு. கார் கொஞ்சம் சாயும், கொஞ்சம் தாமதமாகத் திரும்பும். ஆனால் வழுக்கப் போகிறது என்பதை ஓட்டுநரின் முதுகுக்கு முதலே சொல்லிவிடும். அந்த அறிவிப்பு நேரத்தைத்தான் அவர்கள் வாங்குகிறார்கள்.

அடுத்தது காரின் உயரம். போர்மியூலா 1 கார் தரையில் இருந்து சில சென்ரிமீற்றர் உயரத்தில் ஓடுவது. தேங்கிய தண்ணீரில் அதன் அடிப்பலகை பட்டால் கார் தோணிபோல மிதக்கும். எனவே சில மில்லிமீற்றர் உயர்த்துவார்கள். மழை ரயர் விட்டத்தில் சற்றுப் பெரிது என்பதால் அதுவும் உயரத்தைக் கூட்டும். முன்னும் பின்னும் உள்ள இறக்கைகளைச் செங்குத்தாகச் சாய்த்துக் காற்றழுத்தத்தைக் கூட்டுவார்கள். நேர்ப்பாதையில் வேகம் குறையும், பரவாயில்லை, மழையில் எவரும் முழு வேகத்தில் போவதில்லை.

பிறேக்கின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. காய்ந்த நாளில் பிறேக் பிடித்தால் பாரம் முழுவதும் முன்பக்கம் பாயும், ஆகவே முன் பிறேக்குக்கு அதிக பங்கு கொடுப்பார்கள். ஈரத்தில் கார் மெதுவாகவே வேகம் குறைவதால் அவ்வளவு பாரம் முன்னே வராது. அதே பங்கோடு பிடித்தால் முன் சில்லுகள் பூட்டிக்கொள்ளும், ஸ்ரியரிங்கைத் திருப்பியும் பலனில்லை. ஆகவே பங்கைப் பின்பக்கம் நகர்த்துவார்கள். கார்பன் பிறேக்குக்குச் சூடும் வேண்டும். மழை அதை ஆற்றிவிடும். அதனால் பிறேக்குக்குக் குளிர்காற்று போகும் வாயைப் பாதி அடைப்பார்கள். தண்ணீர் அதிகம் நின்றால் மழை ரயரில் காற்றைக் கூட்டுவார்கள், தரை காயத் தொடங்கினால் குறைப்பார்கள். இன்றைய பிரெலி நிறுவனத்தின் முழு மழை ரயர் ஒன்று மணிக்கு 300 கிலோமீற்றரில் ஒரு செக்கனுக்கு 85 லீற்றர் தண்ணீரை வீசுமென்று அவர்களே சொல்கிறார்கள். இரண்டு செக்கனில் நம் வீட்டுக் குளியல் தொட்டி நிரம்பிவிடும்.

இத்தனை வேலையும் கராஜில் நின்று செய்யும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மழை வருமா? எப்போது வரும்? காரை முழுவதும் மழைக்கு இளக்கிவிட்டு வெயில் எறித்தால் பின்னால் வருபவர்கள் எல்லாரும் முந்திப் போவார்கள். காய்ந்த நாளுக்கு விறைப்பாக வைத்துவிட்டு மழை கொட்டினால் சுவர்தான். 2003இல் போர்மியூலா 1 விதிகள் இந்தச் சிக்கலை இறுக்கிப் பூட்டின. தகுதிகாண் ஓட்டத்துக்குப் போன கார் பந்தயம் தொடங்கும்வரை அதே அமைப்பில் இருக்க வேண்டும், ஸ்பிரிங்கைத் தொடக்கூடாது என்று சட்டம் வந்தது. சனிக்கிழமை எடுத்த முடிவோடு ஞாயிற்றுக்கிழமை வாழ வேண்டும்.

அந்தச் சட்டத்தின் கீழ், 2005 மார்ச்சில், நம் மெல்பேர்ணின் அல்பேட் பார்க்கில் நரேன் கார்த்திகேயன் வந்து இறங்கினார். போர்மியூலா 1இல் ஓடிய முதல் இந்தியர், கோயம்புத்தூர்த் தமிழர். அவர் எங்கிருந்தோ திடீரென முளைத்தவர் அல்ல. தந்தையார் ஜி. ஆர். கார்த்திகேயன் ராலி ஓட்டத்தில் இந்தியாவின் தேசியச் சம்பியனாக இருந்தவர். தமிழ்நாட்டில் கார்ப் பந்தயத்துக்கு ஒரு நீண்ட மரபு உண்டு. சென்னைக்கு அருகே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதை ஒன்றில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. 1953இல் தொடங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை வளர்த்து, பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் ஒன்றை அமைத்தது. கோவையைச் சேர்ந்த கரிவர்தன் மாருதி காரின் என்ஜினைப் போட்டுக் குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்து கொடுத்தார். அவர் 1995இல் சிறுவிமான விபத்தொன்றில் இறந்தார். இப்போது கோவையிலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியது. நரேன் இளம் வயதில் ஏறி ஓடியதும் அந்த வகை மாருதி கார்தான்.

அந்தச் சனிக்கிழமை நான் கராஜில் வேலைக்கு நின்றேன். பின்னறையில் ஒரு சிறிய தொலைக்காட்சி. அந்த ஆண்டின் விதிப்படி ஒவ்வொரு காராகத் தனியே ஒரு சுற்று ஓட வேண்டும். சனி ஒரு சுற்று, ஞாயிறு காலை ஒரு சுற்று, இரண்டின் நேரத்தையும் கூட்டித் தொடக்க வரிசை. இந்த முறையில் மழை வந்தால் நீதியே இல்லை. ஒருவர் காய்ந்த தரையில் ஓடுவார், பத்து நிமிடம் கழித்து வருபவர் குளத்துக்குள் ஓடுவார். அன்று அப்படித்தான் நடந்தது. மழை வந்து வந்து போனது. மெல்பேர்ணின் ஒரே நாளில் நான்கு பருவம் என்ற பேச்சு நேயர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்ல நேரத்தில் ஓடிய ஜியான்கார்லோ பிசிகெல்லா முதலிடம் பிடித்தார், மறுநாள் பந்தயத்தையும் வென்றார். ஏழு முறை உலகச் சம்பியனான மைக்கல் ஷூமாக்கர் மழையில் அகப்பட்டு வெகு பின்னால் போனார்.

நரேன் 12ஆவது இடத்தில். அவருக்கு அடுத்து, 13ஆவதாக, பெர்னாண்டோ அலொன்சோ. அந்த ஆண்டின் முடிவில் உலகச் சம்பியனானவர் அந்த அலொன்சோதான். நரேன் ஓட்டிய ஜோர்டான் அணியின் கார் அன்று தடத்தில் இருந்த மிகவும் மெதுவான கார்களில் ஒன்று. மழையின் அதிர்ஷ்டம் கைகொடுத்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் முதல் பந்தயத்தில், முன்பின் ஓடாத தடத்தில், ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வந்த ஒரு நாளில், காரைச் சுவரில் வைக்காமல் திரும்பக் கொண்டுவந்தால்தான் அதிர்ஷ்டமும் கைகொடுக்கும். ஞாயிறன்று 15ஆவதாக முடித்தார், முதல் காருக்கு இரண்டு சுற்றுப் பின்னால். எனக்கு அந்த 15 முக்கியமாகப் படவில்லை. பின்னறையில் என்னோடு நின்ற வியற்நாமியச் சகோதரர் திரையில் பெயரைப் பார்த்துவிட்டு, "உங்கட ஆளா?" என்று கேட்டார். "ஓம், எங்கட ஆள்" என்றேன். இலங்கை வேறு, இந்தியா வேறு என்று விளங்கப்படுத்த அன்று எனக்கு மனம் வரவில்லை.

அதே ஆண்டு ஜூன் 19இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் மிச்சலின் ரயர்கள் அந்தத் தடத்தின் சாய்ந்த வளைவைத் தாங்கமாட்டா என்று தெரிந்து, அந்த ரயர் போட்ட அணிகள் எல்லாம் தொடக்கத்திலேயே ஒதுங்கிவிட்டன. பிரிட்ஜ்ஸ்ரோன் ரயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் 4ஆவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஓர் இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. அதற்கும் ரயர்தான் காரணம், பார்த்தீர்களா. பின்னாளில் 2011இலும் 2012இலும் வேறொரு பலவீனமான அணியோடு அவர் மெல்பேர்ணுக்கு வந்தபோது, கார் போதிய வேகம் இல்லாததால் இரண்டு முறையும் பந்தயத்தில் ஓடவே அனுமதி கிடைக்கவில்லை. இந்த ஊர் அவருக்கு ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்டது.

இன்னொரு மழையும் உண்டு. 2010 மார்ச் 28, மறுபடியும் அல்பேட் பார்க். தரை ஈரமாக இருக்கையில் பந்தயம் தொடங்கியது. சென்னையில் பிறந்து வளர்ந்த கருண் சந்தோக், கடைசி வரிசையில் இருந்து ஓடினார். அவருடைய புதிய அணியின் நிலை எப்படியென்றால், அதற்கு முந்திய பஹ்ரெய்ன் பந்தயத்தில் அவர் அந்தக் காரில் முதன்முதலாக ஏறியதே தகுதிகாண் ஓட்டத்தில்தான். மழைக்கு இளக்குவதா, காய்ச்சலுக்கு விறைப்பாக்குவதா என்ற கேள்வியே அங்கு ஆடம்பரம். கார் ஓடினாற் போதும். பெரிய அணிகளின் ஓட்டுநர்கள் சுவரில் மோதிக் கழன்றுபோக, அவர் 14ஆவதாகக் கொண்டுவந்து முடித்தார். அந்த அணி பந்தயமொன்றை முடித்தது அதுவே முதல் தடவை. முன்னணியில் ஜென்சன் பட்டன், தரை இன்னும் ஈரமாயிருக்கும்போதே எல்லாருக்கும் முன் காய்ந்த நாள் ரயருக்கு மாறினார். மாறிய கையோடு தடத்தைவிட்டு விலகிப் புல்லுக்குள் போனார். பார்த்த எல்லாரும் அவசரப்பட்டுவிட்டார் என்றே நினைத்தோம். இரண்டு சுற்றில் தரை காய்ந்தது. அவர்தான் வென்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் சொல்லாவிட்டால் இந்த உரையை எழுதியதில் பொருளில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அன்றைய மழையை இந்த நேயர்களில் பலர் குடையில் ஏந்திக் குடித்திருப்பீர்கள். நான் ஒரு பழைய ஒஸ்ரின் ஏ போட்டியில் அம்மாவையும் மனைவியையும் எட்டு வயது மகனையும் இன்னும் இரண்டு வயோதிபரையும் ஏற்றிக்கொண்டு செம்மணி வழியாக வந்தேன். பொருளாதாரத் தடைக்காலம். கார் மண்ணெண்ணெயில் ஓடியது. ரயர் நான்கும் மொட்டை, நூல் தெரிந்தது. புதிய ரயர் அப்போது யாழ்ப்பாணத்தில் தங்கத்துக்கும் கிடைக்காது. இருந்தும் கார் வழுக்கவில்லை. ஏன் வழுக்கும்? முன்னும் பின்னும் சனம். நடையைவிட மெதுவாக விடியும்வரை ஊர்ந்தோம். நடை வேகத்தில் ரயருக்கு ஒரு பரீட்சையும் இல்லை. ஆனால் அந்த இரவு என் மனதில் ஒரு பிழையான பாடத்தை எழுதிவிட்டது. மொட்டை ரயரிலும் மழையில் குடும்பத்தைக் கொண்டுவந்து சேர்த்தவன் நான் என்ற பெருமைதான் அது.

பத்து ஆண்டுகள் கழித்து, 2005 குளிர்காலம். நரேன் ஓடி நான்கு மாதம். மகனுக்குப் பதினெட்டு வயது, புதிதாக 'பி' தகடு. அவனுக்குப் பழைய கொரோல்லா ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முன் ரயர் இரண்டும் தேய்ந்திருந்தன. முன்சில்லால் இழுக்கும் காரில் முன் ரயர்தான் முதலில் தேயும். ஆகவே இரண்டு புதிய ரயர் வாங்கி முன்னுக்குப் போட்டேன். பின் ரயர் இரண்டும் அரைகுறைத் தேய்வு. விக்ரோரியாவில் பூவின் ஆழம் குறைந்தது 1.5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். இருந்தது, மட்டுமட்டாக. அடுத்த சம்பளத்தில் மாற்றலாம் என்று விட்டேன். காற்றும் பார்க்கவில்லை.

ஒரு யூலை மாத மாலை பிரின்சஸ் ஹைவேயில், சாண்டவுனுக்குச் சற்று அப்பால், இடதுபக்க ஓடையில் மழைத்தண்ணீர் நின்றிருக்கிறது. மகன் அனுமதித்த வேகத்துக்குள்தான் போயிருக்கிறான். முன் ரயர்கள் புதியவை, தண்ணீரை வெட்டிக்கொண்டு பிடித்தன. பின் ரயர்கள் மிதந்தன. காரின் பின்பக்கம் முன்னுக்கு வந்தது. ஒன்றரைச் சுற்றுச் சுற்றி ஓரக்கட்டில் ஏறி நின்றது. மணிக்கட்டு எலும்பு வெடித்ததோடு தப்பினான். அந்த நேரம் பக்கத்து ஓடையில் பார ஊர்தி ஏதும் வரவில்லை. அதற்கு மேல் நான் நினைக்க விரும்புவதில்லை.

மறுநாள் காற்று அளந்தேன். பின் ரயர்களில் 25 இறாத்தல். அமெரிக்காவின் நாசா நிறுவனத்தில் வோல்ரர் ஹோர்ன் என்ற பொறியியலாளர் 1960களின் தொடக்கத்தில் விமான ரயர்களை வைத்து ஒரு கணக்குக் கண்டுபிடித்தார். நின்ற தண்ணீரில் மொட்டை ரயர் மிதக்கத் தொடங்கும் வேகம், அதிலுள்ள காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு கூடும் என்பது அது. 36 இறாத்தல் இருந்தால் ஏறத்தாழ மணிக்கு 100 கிலோமீற்றர். 25 இறாத்தல் என்றால் 83. விமானத்துக்குக் கண்ட கணக்கு கார் ரயருக்கு அப்படியே பொருந்தாது, பூவின் ஆழமும் தண்ணீரின் ஆழமும் அதை மாற்றும். ஆனால் அந்த 83 என்ற எண்ணைக் கடதாசியில் எழுதிவிட்டு நான் நெடுநேரம் கராஜில் இருந்தேன். பந்தய அணிகள் தண்ணீர் நின்றால் ஏன் காற்றைக் கூட்டுகின்றன என்பதை வேலியோரம் நின்று எட்டு வருடம் பார்த்தவன் நான்.

புதிய ரயர் இரண்டு மட்டும் வாங்கினால், அவை எந்தச் சில்லால் இழுக்கும் காரானாலும் பின்னுக்குத்தான் போக வேண்டும். முன்பக்கம் வழுக்கினால் கார் நேரே போகும், கால் எடுத்தால் பெரும்பாலும் திரும்பப் பிடிக்கும். பின்பக்கம் வழுக்கினால் சாதாரண ஓட்டுநர் எவராலும் மீட்க முடியாது. மழைக்குத் தயார்செய்யும் பந்தய மெக்கானிக்கின் முதல் கவலையும் பின்பக்கத்தை அமைதியாக வைத்திருப்பதுதான். அதைத் தெரிந்த நான் என் மகனின் காரில் தலைகீழாகச் செய்தேன். நடந்து போகும் வேகத்துக்கு, செம்மணி ரோட்டுக்குச் சரியாயிருந்த அமைப்பை, 80 கிலோமீற்றர் ஹைவேயில் ஓடவிட்டேன். அம்மா அதற்கு முந்திய ஆண்டு காலமாகிவிட்டா. இருந்திருந்தால் ஏசியிருப்பா.

இப்போதும் மழை பெரிய அணிகளை விட்டுவைப்பதில்லை. 2025 மார்ச் 16, அல்பேட் பார்க்கில் நல்ல மழை. பந்தயம் தொடங்கு முன் வரிசைக்கு வரும் சுற்றிலேயே ஒரு புதிய ஓட்டுநர் சுவரில் மோதினார். மெல்பேர்ணிலேயே பிறந்த ஒஸ்கார் பியாஸ்ரி இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தவர். பிந்திய மழையொன்றில் காய்ந்த நாள் ரயரோடு வழுக்கிப் புல்லில் மாட்டி, 9ஆவதாகத்தான் முடிக்க முடிந்தது. அதே இடத்தில் வழுக்கியும் மீண்ட லாண்டோ நொரிஸ் வென்றார். சென்னையிலும் தீவுத்திடலைச் சுற்றித் தெருவில் கார்ப் பந்தயம் நடத்த 2023 டிசம்பரில் ஏற்பாடு செய்தார்கள். மிக்ஜாம் புயல் ஊரையே மூழ்கடித்தது. பந்தயம் 2024 ஓகஸ்ட் இறுதிக்குத் தள்ளிப்போனது, அப்போதும் மழை வந்து முதல் நாளைத் தாமதப்படுத்தியது.

2025 பந்தயத்தை மகனின் வீட்டில் பார்த்தேன். அவனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். பியாஸ்ரி புல்லுக்குள் பின்னோக்கி ஊர்ந்தபோது மூத்த பேரன், "அப்பப்பா, அவருக்கு ஏன் ரயர் மாத்தேல்லை?" என்று கேட்டான். "மழை வரும் எண்டு தெரியும், எப்ப வரும் எண்டுதான் தெரியாது" என்றேன். மகன் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வெளியே போனான். யன்னலால் பார்த்தேன். தூறலுக்குள் குந்தியிருந்து, பின் சில்லுக்குக் காற்று அளந்துகொண்டிருந்தான்.